மூன்று நாள் பீப்பாயும் ஐந்தரை மணி ரயிலும்

லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் நிலையத்தில் பாரிஸ் ரயிலுக்காகக் கீழ்த்தளத்தில் காத்திருப்பவர்கள், தாங்கள் இருப்பது ஒரு பழைய பீர் கிடங்கு என்பதை அனேகமாக அறிவதில்லை. 1868ல் இந்த நிலையத்தைத் திறந்த மிட்லண்ட் ரயில்வே கம்பெனிக்கு ஒரு சிக்கல் இருந்தது. ரீஜன்ட்ஸ் கால்வாய்க்கு மேலே வரும் பாதையைச் சட்டென்று தரைக்கு இறக்க முடியாது. அதனால் பிளாட்ஃபாரங்களைத் தெருவைவிட ஒரு மாடி உயரத்தில் கட்டினார்கள். அடியில் பெரிய இடம் சும்மா கிடைத்தது. பர்ட்டன் அபான் ட்ரென்ட் என்ற ஊரிலிருந்து லண்டனுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்த பீர் பீப்பாய்களை அங்கே அடுக்கலாம் என்று முடிவானது. தூண்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது? பீப்பாயின் நீளம்தான் அளவுகோல். அந்தத் தளத்தின் அமைப்பு முழுவதும் அதை வைத்தே முடிவானது என்று பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ தானே எழுதியிருக்கிறார்.

பிரிட்டனில் பீரும் ரயிலும் அந்த அளவுக்கு ஒட்டிப் பிறந்தவை. ரயில் வருவதற்கு முன்பு பர்ட்டன் பீர் கால்வாய்ப் படகில் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலேறி கல்கத்தா வரைக்கும் மதராஸ் வரைக்கும் வந்தது. ஆனால் சொந்த நாட்டிலேயே லண்டனுக்கு அனுப்புவது பெரும்பாடு. 1839ல் பர்ட்டனுக்கு ரயில் வந்ததும் அந்தக் கதை மாறியது. அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அந்தச் சிறிய ஊர் உலகின் பீர் தலைநகரம் என்று சொல்லும் நிலைக்கு வளர்ந்தது. அங்கிருந்த பாஸ் கம்பெனியின் சிவப்பு முக்கோணம்தான் பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னம், 1876 ஜனவரி 1 அன்று.

சரக்கு ரயிலில் பீர் போவதெல்லாம் எப்போதோ முடிந்துபோனது. ஆனாலும் இன்றைக்கு நல்ல 'ரியல் ஏல்' என்ற பாரம்பரிய பீரைத் தேடுகிறவர் ரயில் நிலையத்தின் பக்கம்தான் முதலில் பார்க்கிறார். நிலைய வாசலிலோ பிளாட்ஃபாரத்திலேயோ ஓர் அறை, பீர் ஊற்ற நான்கைந்து கை பம்புகள், கணப்பில் நெருப்பு, சுவரில் பழைய ரயில் படங்கள். சுற்றுலா வருகிறவர்கள் பழைமையின் அழகு என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அழகு இருக்கட்டும். அந்தக் கடை அங்கே இருப்பதற்குக் காரணம் ஒரு கணக்கு. அதைப் புரிந்துகொள்ள முதலில் பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாம் பாட்டிலில் வாங்கும் பீர் ஆலையிலேயே வடிகட்டி, சூடாக்கி, ஈஸ்ட்டைக் கொன்று, கரியமில வாயுவை ஏற்றி அனுப்பிய பீர். அது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ரியல் ஏல் அப்படி இல்லை. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. ஆலையில் முதல் நொதிப்பு முடிந்து பீப்பாயில் அடைத்த பிறகும் மிச்சமுள்ள சர்க்கரையைத் தின்று இரண்டாம் முறை நொதிக்கிறது. அந்த பீப்பாயிலிருந்தே நேராகக் கோப்பைக்கு வர வேண்டும், வெளியிலிருந்து வாயுவை அழுத்தித் தள்ளக்கூடாது. இவ்வளவுதான் இலக்கணம். கள் இறக்கிப் பழகியவருக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை. உயிருள்ள பானம் நேரம் பார்த்துத்தான் நடந்துகொள்ளும்.

அதனால் பாதி வேலை ஆலையில், மீதி வேலை பப்பின் நிலவறையில். பீப்பாய் வந்து இறங்கியதும் அதை ஒரு மரச்சட்டத்தில் படுக்கவைத்து, உருளாமல் ஆப்பு கொடுக்கிறார்கள். வயிற்றின் மேல்பக்கம் ஓர் அடைப்பு இருக்கும். அதன் நடுவே காற்று கசியக்கூடிய ஒரு மர முளையைத் தட்டி இறக்குவார்கள். உள்ளே அழுந்திக் கிடக்கும் வாயு அதன் வழியே நுரை நுரையாகக் கொப்பளித்து வெளியேறும். நுரையைத் துடைத்துவிட்டுப் பார்ப்பார்கள், மறுபடி வரும், மறுபடி துடைப்பார்கள். அது தணியும் வேகத்தை வைத்து நொதிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தேர்ந்த ஆள் சொல்லிவிடுவார். போதும் என்று தோன்றியதும் அந்த முளையைப் பிடுங்கிவிட்டுக் காற்று புகாத கெட்டி முளையை வைக்கிறார்கள். மிச்சமிருக்கும் வாயுதான் பீருக்கு அந்த மெல்லிய சுறுசுறுப்பைக் கொடுக்கும். முன்பக்க அடைப்பில் குழாயைப் பொருத்திக் கொட்டாப்புளியால் ஒரே அடி. தயங்கி இரண்டாக அடித்தால் பீர் முகத்தில் பீய்ச்சும்.

அப்புறம் காத்திருப்பு. ஈஸ்ட் அடியில் மண்டியாகத் தங்கி பீர் தெளிய ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். சீக்கிரம் தெளியவைக்க ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது வழக்கம். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது, ஆகவே சைவம் பார்ப்பவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. இப்போது பல சிறிய ஆலைகள் ஐசிங்கிளாஸ் சேர்க்காமல், சற்றே கலங்கலாகவே அனுப்புகின்றன. நிலவறை 11 முதல் 13 டிகிரி வரை இருக்க வேண்டும். ஆங்கிலேயன் வெதுவெதுப்பான பீர் குடிக்கிறான் என்று உலகம் கேலி செய்வது இதைத்தான். உண்மையில் அது குளுமையான அறையின் சூடு. ஐஸ் போலக் குளிர்ந்தால் முளைகட்டிய தானியமான மால்ட்டின் சுவையும் ஹாப்ஸ் பூவின் மணமும் நாக்கில் ஏறாது.

மேலே கவுன்டரில் நிற்கும் உயரமான கைப்பிடி வெறும் பம்புதான். மின்சாரமும் இல்லை, வாயுவும் இல்லை. இழுத்தால் கீழேயிருந்து பீர் ஏறி வரும், நல்ல இரண்டு மூன்று இழுப்பில் ஒரு பைண்ட் நிறையும். ஒரு பைண்ட் 568 மில்லி. குழாயின் நுனியில் சிறு துளைகள் கொண்ட ஒரு மூடியைத் திருகிவிட்டால் நுரை கெட்டியாகத் திரளும். வடக்கே யார்க்ஷயரில் அது இல்லாமல் கொடுத்தால் சண்டை வரும், தெற்கே லண்டன் பக்கம் அதைப் போட்டால் சண்டை வரும். இந்த விவாதத்தில் தலையிடாமல் இருப்பது வெளியூர்க்காரனுக்கு நல்லது.

விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு முறை பீர் வெளியே வரும்போதும் அதே அளவு காற்று பீப்பாய்க்குள் போகிறது. காற்று பட்டதும் பீர் கெடத் தொடங்கும். முதலில் துடிப்பு போய்ச் சப்பென்று ஆகும், பிறகு பச்சை ஆப்பிள் நாற்றம் அல்லது ஈர அட்டை வாடை, கடைசியில் வினிகர். குழாய் திறந்த நாளிலிருந்து மூன்று நாள்தான் நல்ல ஆயுள் என்று தொழிலில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிறிய கடைகள் வாங்குவது பெரும்பாலும் ஃபர்கின் என்ற 9 கேலன் பீப்பாய், ஏறக்குறைய 41 லிட்டர், 72 பைண்ட். அடி மண்டி போக விற்கக்கூடியது எழுபதுக்குச் சற்றுக் குறைவு. மூன்று நாளில் தீர வேண்டுமானால் ஒரு பம்பில் ஒரு நாளைக்கு இருபத்து மூன்று கோப்பையாவது போக வேண்டும். ஐந்து பம்பு வைத்தால் தினமும் நூற்றுப் பதினைந்து. அதுவும் சனிக்கிழமை மட்டும் போதாது, செவ்வாய்க்கிழமையும் போக வேண்டும். கிராமத்துச் சந்தில் ஒதுங்கி நிற்கும் அழகான பப்புக்கு இது எட்டாத எண். ரயில் நிலைய வாசலில் இருக்கும் பப்புக்கு ஐந்தரை மணி ரயிலில் இறங்குகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர் உள்ளே திரும்பினாலே பாதி வேலை முடிந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தவறாமல் ஆள் கொண்டுவந்து இறக்கும் வண்டி வேறு எந்த வியாபாரத்துக்கு வாய்க்கும்?

இன்னொன்று, சட்டம். 1967ல் பிரிட்டனில் ரத்தத்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்ற வரம்பும், ஊதிப் பார்க்கும் கருவியும் வந்தன. காரில் போய்க் குடித்துவிட்டு வருகிற பழக்கத்தின்மேல் பிழைத்த ஊர்ப்புறக் கடைகளுக்கு அது பெரிய அடி, நியாயமான அடியும்கூட. ரயிலில் வருகிறவருக்கு அந்தக் கவலை கிடையாது. பப்புகளின் எண்ணிக்கை 1980ல் 69,000 அளவில் இருந்தது, இப்போது 45,000 பக்கம் வந்து நிற்கிறது. வீட்டில் குடிப்பது, சூப்பர்மார்க்கெட் விலை, 2007 புகைத்தடை, வாடகை, வரி என்று காரணங்கள் நிறைய.

ரியல் ஏல் தானாக அழியப் பார்த்த பொருள் அல்ல, அழிக்கப் பார்த்த பொருள் என்றே சொல்வேன். 1960களில் சில பெரிய பீர் கம்பெனிகள் நாட்டின் ஏராளமான பப்புகளைக் கையில் வைத்திருந்தன. அவற்றுக்கு உயிருள்ள பீர் ஒரு தலைவலி. நிலவறையில் திறமையான ஆள் வேண்டும், கெட்டுப்போனால் நஷ்டம். வடிகட்டி, வாயு ஏற்றி, உலோக உருளையில் அடைத்த கெக் பீர் என்றால் எந்த ஆளும் ஊற்றலாம், எந்த ஊரிலும் ஒரே சுவை. வாட்னீஸ் ரெட் பேரல் என்ற கெக் பீர் அந்தக் காலத்தின் அடையாளம், பின்னாளில் கேலிப்பொருள். கெக்கை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. நிலவறை சரியில்லாத கடையில் புளித்த ஏலைக் குடிப்பதைவிட அது மேல் என்று பலர் நினைத்ததில் தப்பில்லை. இன்றைக்குச் சிறிய ஆலைகள் போடும் கெக் பீர்களில் அருமையானவை இருக்கின்றன. ஆனால் அன்று வந்தது வேறு வழியே வைக்காமல் வந்தது.

1971ல் வடமேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் விடுமுறைக்குப் போன இடத்தில், அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்து பப் ஒன்றில் உட்கார்ந்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதுதான் ரியல் ஏலுக்காகக் குரல் கொடுக்கும் கேம்ரா. நல்ல ஏலுக்காக இங்கிலாந்துக்காரர்கள் அயர்லாந்தில் சபதம் எடுத்தது சுவாரசியம். பீருக்காக நுகர்வோர் நடத்திய இயக்கம், அதுவும் உறுப்பினர்கள் ஆயிரம் லட்சமாகப் பெருகி ஐம்பது ஆண்டு தாண்டியும் நிற்பது என்பது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. 1989ல் அரசே பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் பப்புகளுக்கு உச்சவரம்பு போட்டது. நோக்கம் நல்லது. விளைவு, பீர் காய்ச்சாமல் வாடகை மட்டும் வசூலிக்கும் பெரிய பப் நிறுவனங்கள் முளைத்தன. பேயை ஓட்டிப் பிசாசை அழைத்த கதை. 2002ல் சிறிய ஆலைகளுக்கு பீர் வரியில் சலுகை கொடுத்தார்கள், அது நிஜமாகவே வேலை செய்தது. ஊருக்கு ஊர் புதிய ஆலைகள் வந்தன. பீர் தயார், விற்க இடம் வேண்டும்.

இடம் ரயில் நிலையத்தில் காலியாகக் கிடந்தது. விக்டோரியா காலத்து நிலையங்களில் முதல் வகுப்புக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை, சிற்றுண்டி அறை, பார்சல் அறை, நிலைய அதிகாரிக்கு வீடு என்று கட்டி வைத்திருந்தார்கள். 1963ல் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் பீச்சிங் கொடுத்த அறிக்கை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னது. தப்பிப் பிழைத்த நிலையங்களிலும் ஆட்கள் குறைந்தார்கள், பார்சல் லாரிக்குப் போனது, அறைகளுக்குப் பூட்டு விழுந்தது. ஷெஃபீல்டு நிலையத்தில் 1904ல் கட்டிய முதல் வகுப்புச் சிற்றுண்டிக் கூடம் அப்படிப் பல்லாண்டு பாழடைந்து கிடந்து, 2009ல் ஷெஃபீல்டு டேப் என்ற பப்பாக மறுபடி திறந்தது. சுவர் ஓடுகளையும் கூரை வேலைப்பாட்டையும் பார்க்கவே போகலாம்.

சிறிய கடைகளுக்கு வழி திறந்தது இன்னொரு சட்டம். முன்பெல்லாம் புது பப் உரிமம் கேட்டால், இங்கே இன்னொரு கடை தேவையில்லை என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்சேபிக்கலாம். 2003ல் நிறைவேறி 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த உரிமச் சட்டம் அந்தக் கதவை அடைத்து, உரிமம் கொடுக்கும் வேலையை உள்ளாட்சிக்கு மாற்றியது. அதே 2005ல் கென்ட் மாவட்டத்து ஹெர்ன் கிராமத்தில், பழைய கறிக்கடை ஒன்றில் மார்ட்டின் ஹில்லியர் ஒரு குட்டி பப் திறந்தார். இசை இல்லை, சூதாட்ட எந்திரம் இல்லை, லாகர் என்ற வேறு வகை பீரும் இல்லை. ஏலும் பேச்சும் மட்டும். 2009ல் ஹார்டில்பூல் ரயில் நிலையத்தில், பத்திரிகைக் கடை இருந்த சின்ன அறையில் ரேட் ரேஸ் என்ற பப் வந்தது. கவுன்டர்கூடக் கிடையாது, கடைக்காரரே உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். இந்த வகைக் கடைகளுக்கு இப்போது மைக்ரோபப் என்று பெயரே நிலைத்துவிட்டது. நிலவறைக்குப் பதில் பின்னால் ஒரு குளிரூட்டிய அறை, பீப்பாயிலிருந்து நேராகக் குழாயைத் திறந்து ஊற்றுவது. பம்பு குறைவு, ஆகவே பீர் தேங்காது. கணக்கு தெரிந்தவர் செய்த வேலை.

இந்த வகையில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் ஸ்டாலிபிரிட்ஜைச் சொல்வேன். மான்செஸ்டரிலிருந்து கிழக்கே கால் மணி நேர ரயில் பயணம். 1885ல் கட்டிய நிலையத்தின் பிளாட்ஃபாரத்திலேயே பஃபே பார். சலவைக்கல் பதித்த கவுன்டர், கணப்பு அடுப்பு, பழைய ரயில்வே பலகைகள். எதையும் பழசு போலச் செய்து வைக்கவில்லை, பழசாகவே இருக்கிறது. சிற்றுண்டி அறையாகத் தொடங்கியது, பிற்பாடு பக்கத்துக் காத்திருப்பு அறைகளையும் சேர்த்து நீண்டுவிட்டது. சாப்பிட வினிகர் ஊற்றிய வேகவைத்த கருப்புப் பட்டாணி, லங்காஷயர் பக்கத்துப் பழைய தீனி. ஜன்னல் வழியே ரயில் வருவது தெரியும், கடைசி வாய் குடித்துவிட்டு ஏறலாம். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனிலேயே மிகச் சின்னப் பெயர் கொண்ட பப்பும் இதே ஊரில், நிலையத்துக்கு அருகிலேயே இருந்தது. பெயர் ஒரே எழுத்து, கியூ. மிக நீளமான பெயர் கொண்ட பப்பும் ஸ்டாலிபிரிட்ஜில்தான் இருந்தது. அது 2016ல் மூடிவிட்டது.

ஸ்டாலிபிரிட்ஜிலிருந்து மார்ஸ்டன், ஸ்லோவெய்ட், ஹடர்ஸ்ஃபீல்டு, மிர்ஃபீல்டு, டியூஸ்பரி என்று பெனைன் மலையைத் தாண்டும் பாதை முழுக்க நிலையத்தை ஒட்டி இப்படிக் கடைகள் உண்டு. ஹடர்ஸ்ஃபீல்டில் கம்பீரமான தூண் முகப்பின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பப். ஒவ்வொரு ஊராக இறங்கி ஒரு கோப்பை, அடுத்த ரயிலில் ஏறி அடுத்த ஊர் என்று போவது ஒரு வழக்கமாக இருந்தது. 2009ல் பிபிசி நிகழ்ச்சி ஒன்று இதைக் காட்டியதும் வழக்கம் திருவிழா ஆனது. கல்யாணத்துக்கு முந்தைய நண்பர் கூட்டங்கள் வேஷம் கட்டிக்கொண்டு வந்து இறங்கின. தண்டவாளத்தில் நடப்பது, தெருவோரம் ஒதுங்குவது, கத்தல். சனிக்கிழமைகளில் ரயில்வே போலீஸ் நிற்க வேண்டிவந்தது. உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். கடைக்காரர்களோ இரண்டு மனதில். பீப்பாய் மூன்று நாளில் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவருக்கு மூன்று மணி நேரத்தில் தீர்ந்தால் கசக்குமா? ஆனால் வாரத்தில் ஒரு நாள் கூட்டத்தை நம்பி மற்ற ஆறு நாளும் வரும் வாடிக்கையாளரை விரட்டிய கடை நிலைக்காது. இதில் என் அனுதாபம் ஊர்க்காரர்களுக்குத்தான்.

ரயிலை நம்பிய வியாபாரத்துக்கு ரயிலே எமனாகவும் வரும். 2022ல் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தங்கள் அந்த டிசம்பரின் கிறிஸ்துமஸ் வியாபாரத்தைச் சாப்பிட்டுவிட்டன. பெனைன் பாதையை மின்மயமாக்கிப் புதுப்பிக்கும் பெரிய வேலை நடக்கிறது, வார இறுதிகளில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுகிறார்கள். பேருந்தில் வருகிறவர் நிலையத்துக்குள் நுழைவதே இல்லை. கோவிட்டுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களால் திங்களும் வெள்ளியும் ரயில்கள் காற்றாடுகின்றன. 2023 ஆகஸ்டில் பப்பில் ஊற்றி விற்கும் பீருக்குக் கடையில் விற்பதைவிடக் குறைந்த வரி என்று கொண்டுவந்தார்கள். உதவிதான், ஆனால் திறந்த பீப்பாயின் ஆயுளை எந்த நிதியமைச்சரும் நீட்டித்துக் கொடுக்க முடியாது. பப்புகளில் விற்கும் மொத்த பீரில் ரியல் ஏலின் பங்கு இன்று பத்தில் ஒன்றுக்கும் கீழே.

சரி, போகிறவருக்குச் சில விஷயங்கள். மேசையில் உட்கார்ந்து ஆள் வரும் என்று காத்திருந்தால் கடை மூடும் வரை இருக்கலாம். கவுன்டருக்குப் போய்க் கேட்டு அங்கேயே காசு கொடுக்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அடுத்தது யார் என்று அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும், முந்தினால் முறைப்பார்கள். நண்பர்களோடு போனால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்குவது வழக்கம், தன் முறை வரும்போது கழிப்பறைக்குப் போகிறவரை அந்த ஊரில் மறக்க மாட்டார்கள். குடிக்காதவர் காபி, ஜூஸ் வாங்கிக்கொண்டு கணப்பருகே உட்காரலாம், யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் கொஞ்சம் சுவைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள், சின்னக் கோப்பையில் கொடுப்பார்கள். முதல் தடவைக்கு பிட்டர் என்ற ஏல் வகையில் ஆல்கஹால் நான்கு சதவீதத்துக்குக் கீழே உள்ளதாக ஒரு அரை பைண்ட் போதும். பெரும்பாலான ஏல்கள் நம் ஊர் ஸ்ட்ராங் பீரில் பாதி வலிமைதான். பம்பில் மாட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு பின்புறம் திரும்பி இருந்தால் அந்த பீப்பாய் தீர்ந்தது என்று பொருள். வினிகர் புளிப்பு அடித்தால் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கலாம். நல்ல கடைக்காரர் தானும் மோந்து பார்த்துவிட்டு, வாதாடாமல் மாற்றிக் கொடுப்பார். திங்கள் மதியம் போனால் வெள்ளிக்கிழமை திறந்த பீப்பாயின் அடிப்பகுதி உங்கள் தலையில் விழ வாய்ப்புண்டு, வியாழன் வெள்ளி மாலை பாதுகாப்பு. பத்து பம்பு வரிசையாக மின்னும் காலிக் கடையும், மூன்றே பம்பு வைத்து நிற்க இடமில்லாத கடையும் எதிரெதிரே இருந்தால் இரண்டாவதற்குள் தயங்காமல் நுழையுங்கள்.